குளம் ஃபைனல் 3

பென்டிரைவைப் பிடுங்கியது நான்தான். கடையில் வேலை பார்க்கிற பெண் மேல் பழியைப் போடலாம், மழை மேல் போடலாம், தட்டச்சு செய்கிற மென்பொருள் மேல் போடலாம். அன்று மாலையே மூன்றின் மேலும் போட்டுப் பார்த்தேன். எதுவும் ஒட்டவில்லை.

பாளையங்கோட்டை முருகன்குறிச்சியில் டிடிபி கடை வைத்து எனக்கு 19 வருடம் ஆகிறது. கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, கல்லூரி ப்ராஜெக்ட், ஆய்வேடு, எல்லாம் உண்டு. சுற்றிலும் கல்லூரிகள் என்பதால் ஏப்ரல் மாதம் ஸ்பைரல் மெஷினுக்கு ஓய்வே இருக்காது. இத்தனை வருடத்தில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன், "பென்டிரைவில் வைத்தே வேலை பார்க்காதீங்கப்பா, முதலில் கம்ப்யூட்டரில் காப்பி பண்ணுங்க" என்று. அந்த வாசகத்தைப் பெரிய எழுத்தில் அடித்து, லேமினேட் செய்து, சுவரில் ஒட்டியும் வைத்திருக்கிறேன். அதற்குக் கீழே உட்கார்ந்துதான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

சார் ஓய்வுபெற்ற வாத்தியார். 78 வயது. சேரன்மாதேவிப் பக்கத்துக் கிராமம். தாமிரபரணியில் உள்ள 8 அணைக்கட்டுகளில் ஒன்று கன்னடியன். அதன் கால்வாய் வழியாகப் பெருகும் குளங்களில் ஒன்று அவருடைய ஊர்க் குளம். அந்தக் குளத்தைப் பற்றித்தான் புத்தகம். எந்த மடைக்கு எந்த வயல், கார் நெல் பருவத்துக்கு எப்படித் தண்ணீர் முறை வைத்தார்கள், பிசானப் பருவத்துக்கு எப்படி, குளம் நிரம்பி மறுகால் பாய்ந்த வருடங்கள், பாயாத வருடங்கள். முதலில் லாங் சைஸ் நோட்டில் 140 பக்கம் எழுதிக் கொண்டுவந்து தந்தார். வாத்தியார் கையெழுத்து, அச்சு மாதிரி இருக்கும். ஒரு மாதத்தில் அடித்து முடித்தேன்.

அதற்குப் பிறகுதான் அவருக்குச் சொல்ல வேண்டியதெல்லாம் நினைவுக்கு வர ஆரம்பித்தது. தினமும் நாலு மணி பஸ்ஸில் வருவார். பிளாஸ்டிக் ஸ்டூலை என் நாற்காலிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொள்வார். வேட்டி மடியிலிருந்து கைக்குட்டையை எடுத்து, அதில் முடிந்து வைத்திருக்கும் பென்டிரைவை அவிழ்த்துத் தருவார். "எழுதிக் கொண்டாங்களேன் சார்" என்று ஒருதரம் சொன்னேன்.

"கை நடுங்குதும்மா. வாய் நடுங்கல. நான் சொல்லுதேன், நீ அடி."

அவர் சொல்வார், நான் அடிப்பேன். மறுநாள் வந்து, நேற்றுச் சொன்னதில் பாதியை மாற்றச் சொல்வார். நான் அழித்துவிட்டு அடித்தால் கோபம் வரும். "அடிச்சது தெரியணும். அப்பத்தான் எதுக்கு அடிச்சோம்னு தெரியும்" என்பார். நாற்பது வருடம் சிவப்பு மையில் திருத்தியவர். அதனால் ஃபைலில் 'டிராக் சேஞ்சஸ்' வசதியைப் போட்டுவிட்டேன். அழித்த வரி போகாமல், மேலே சிவப்புக் கோடு விழுந்து அங்கேயே நிற்கும். அவருக்கு ரொம்பப் பிடித்தது. எனக்குத்தான் ஒரே வாரத்தில் கண் கூசியது. பக்கம் முழுக்க வெட்டுக்காயம் மாதிரி. ஒருநாள் அவர் ஊருக்குப் போன பிறகு, திருத்தங்களைக் காட்டாதே என்று பார்வையை மட்டும் மாற்றிவைத்தேன். திரை சுத்தமானது. அவரும் ஒன்றும் கேட்கவில்லை. கண்ணிலிருந்து மறைத்தேனே தவிர, அந்த வசதியை நான் நிறுத்தவில்லை. அதை நான் மறந்தும் போனேன்.

படங்கள் வேறு. ஒவ்வொரு மடையையும் செல்போனில் எடுத்திருந்தார். 74 படம், ஒவ்வொன்றும் இரண்டரை எம்பி. குறைத்துப் போடலாம் என்றால், "கல்லுல இருக்கிற உளி அடி தெரியாமப் போயிரும்" என்றார். ஃபைல் 190 எம்பிக்கு வீங்கிவிட்டது. என் கடைக் கம்ப்யூட்டரும் வயதானதுதான். பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் தானாக ஒரு காப்பி எடுத்து வைக்கும் வசதி இருக்கிறதே, அது வேலை செய்கிற நேரமெல்லாம் மவுஸ் உறைந்து நின்றது. சார் நடுவாக்கியத்தில் காத்திருப்பார். அந்த வசதியையும் நானே நிறுத்தி வைத்தேன்.

ஐப்பசி மழை. அவருக்கு 6:40 பஸ். 6:20க்கு சேவ் கொடுத்தேன். வட்டம் சுற்றியது. திரை வெளுத்தது. மேலே 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று வந்தது. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு அந்த வெள்ளை தெரியும். கையை மடியில் வைத்துக்கொண்டு, மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். எட்டு நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். பிறகு ஜன்னல் தானாகவே மூடிக்கொண்டது. ஒரு செய்தி இல்லை, ஒன்றுமில்லை.

பென்டிரைவில் சின்ன நீல விளக்கு இன்னும் சிமிட்டிக்கொண்டிருந்தது. அது சிமிட்டினால் உள்ளே ஏதோ எழுதப்பட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள். இதையும் நான் பல பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். சார் குடையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். நான் பிடுங்கினேன். உடனே மனசு அடித்துக்கொள்ள, திரும்பச் செருகினேன். 'குளம் ஃபைனல் 3' அங்கேதான் இருந்தது. அளவு 58 எம்பி. திறக்கவில்லை.

"சார், பென்டிரைவ் இன்னிக்கு ஒருநாள் இங்க இருக்கட்டுமா?"

இதுவரை அதைக் கடையில் விட்டுப்போனதே இல்லை அவர். என் முகத்தைப் பார்த்தார். கைக்குட்டையை மட்டும் மடித்து மடியில் வைத்துக்கொண்டு படி இறங்கினார்.

என்னிடம் ஒரு பழைய காப்பி இருந்தது. பிரஸ்ஸில் மதிப்பீடு கேட்பதற்காக மெயிலில் அனுப்பியது, 11 நாள் பழசு. 140 பக்கக் கையெழுத்து நோட்டும் இருந்தது. ஆக, போனது 11 மாலைகள். அவ்வளவுதானே, இன்னொருதரம் சொல்லச் சொன்னால் சொல்லிவிட்டுப் போகிறார் என்று கடைப்பெண் சொன்னாள். அன்றிரவு படுத்துக்கொண்டு அந்த 11 நாளில் அவர் என்ன சொன்னார் என்று ஞாபகப்படுத்திப் பார்த்தேன். விஷயங்கள் எல்லாம் நினைவில் இருந்தன. அவருடைய வாக்கியம் ஒன்றுகூட இல்லை. "வாமடைப் பக்கம் நின்னா, தண்ணி வர்றதுக்கு முன்னாடி அதோட வாசம் வந்துரும்" என்ற மாதிரி ஒன்று. அந்த 'மாதிரி'யை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அக்கா பையன் கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான். போன் போட்டேன்.

"சித்தி, பென்டிரைவை இனிமே தொடாதீங்க. அதுல எதையும் சேவ் பண்ணாதீங்க. உடைஞ்ச ஃபைலை அப்படியே கம்ப்யூட்டருக்கு ரெண்டு காப்பி எடுங்க. ஒண்ணைப் பூட்டி வைங்க, இன்னொண்ணுல விளையாடுங்க."

அவன் சொன்னதில் உருப்படியான முதல் விஷயம் இதுதான். பதற்றத்தில் நாம் செய்கிற ஒவ்வொன்றும் மிச்சம் இருப்பதன் மேலேயே எழுதி வைக்கிறது. பென்டிரைவில் ஒரு ஃபைல் அழிந்தால் அதன் உள்ளடக்கம் உடனே போய்விடுவதில்லை. அந்த இடம் காலி என்று பட்டியலில் குறித்து வைக்கப்படுகிறது, அவ்வளவே. அடுத்து வருகிற ஏதோ ஒன்று அதன் மேல் உட்காரும்போதுதான் உண்மையிலேயே போகிறது.

எல்லாரும் செய்வதைத்தான் நானும் முதலில் செய்தேன். மென்பொருளிலேயே 'திறந்து சரிசெய்' என்று ஒரு வழி இருக்கிறது. முடியாது என்றது. லிப்ரே ஆபிஸ் என்ற இன்னொரு மென்பொருள், ஃபைல் பழுதாகியிருக்கிறது, சரிசெய்யவா என்று மரியாதையாகக் கேட்டது. சரி என்றேன். வெள்ளைப் பக்கம் ஒன்றைக் காட்டியது. பிறகு இணையத்தில் தேடினேன். உங்கள் ஃபைலை இங்கே ஏற்றுங்கள், இலவசமாக மீட்டுத் தருகிறோம் என்று ஏகப்பட்ட தளங்கள். ஒன்றில் ஏற்றுகிற பொத்தான் வரைக்கும் விரல் போய்விட்டது. அடுத்தவர் நம்பிக் கொடுத்த எழுத்தை முகம் தெரியாத எவனுக்கோ எப்படிக் கொடுப்பது? பத்திரம் அடிக்கிறேன், உயில் அடித்திருக்கிறேன், விவாகரத்து நோட்டீஸ்கூட அடித்திருக்கிறேன். என் கடையில் அடிப்பது வாசலைத் தாண்டாது என்று நம்பித்தான் வருகிறார்கள். மூடிவிட்டேன்.

அக்கா பையன் ராத்திரி பத்து மணிக்குத் திரும்பக் கூப்பிட்டான். "சித்தி, டாக்எக்ஸ்ங்கிறது ஒரு ஃபைலே இல்ல. அது ஒரு மூட்டை."

இதை நான் 19 வருடம் தெரியாமல் இருந்தேன். வாயைத் திறந்து சொல்லவே வெட்கம்தான். 2007 வாக்கில் புழக்கத்துக்கு வந்த இந்த டாக்எக்ஸ் வகை வேர்ட் ஃபைல், உண்மையில் ஒரு ஜிப் மூட்டை. பெயரின் வாலை மட்டும் ஜிப் என்று மாற்றித் திறந்தால் உள்ளே தனித்தனிப் பொருட்கள் கிடக்கும். எழுத்துகள் எல்லாம் 'டாக்குமென்ட்' என்ற பெயரில் ஓர் எக்ஸ்எம்எல் ஃபைலில். அடிக்குறிப்புகள் இன்னொன்றில். தலைப்புக்கு என்ன அளவு, பத்திக்கு என்ன இடைவெளி என்பதெல்லாம் வேறொன்றில். படங்கள் 'மீடியா' என்ற அறையில், எடுத்தபடி அப்படியே. லிப்ரே ஆபிஸின் ஓடிடி ஃபைலும் இதே குடும்பம்தான்.

இப்போது இந்த மூட்டையைப் பற்றி ஒரு விஷயம். எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்த இடம் இது, கொஞ்சம் நின்றுதான் போவேன். ஜிப் ஃபைலில் பொருளடக்கம் முன்னால் இல்லை, கடைசியில் இருக்கிறது. உள்ளே என்னென்ன இருக்கிறது, எது எங்கே தொடங்குகிறது என்ற பட்டியல் மூட்டையின் வால் பகுதியில் எழுதப்படுகிறது. ஃபிளாப்பி காலத்து ஏற்பாடு. பின்னால் புதிதாக ஏதாவது சேர்க்க வேண்டுமானால் முழுவதையும் கலைக்க வேண்டாம், கடைசியில் சேர்த்துவிட்டுப் பட்டியலை மட்டும் புதிதாக எழுதிக்கொள்ளலாம். ஒரு மென்பொருள் ஜிப்பைத் திறக்கும்போது நேராகக் கடைசிக்குப் போய் அந்தப் பட்டியலைத்தான் தேடும். என் ஃபைல் 190 எம்பியில் 58க்கு மேல் எழுதப்படாமல் அறுந்துவிட்டது. பட்டியல் இல்லை. பட்டியல் இல்லாததால் எதுவுமே இல்லை என்று எல்லா மென்பொருளும் கையை விரித்தன. கடைசியில் இருக்கும் பொருளடக்கத் தாள் கிழிந்த புத்தகத்தைப் புத்தகமே இல்லை என்று சொல்கிற மாதிரி.

ஆனால் அந்த ஏற்பாட்டைச் செய்தவர் இன்னொன்றையும் செய்து வைத்திருக்கிறார். மூட்டைக்குள் இருக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் முன்னால் தனியாக ஒரு சீட்டு உண்டு. அதில் பெயர், அளவு, சரிபார்ப்பு எண் எல்லாம் இருக்கும். பட்டியல் போனாலும் சீட்டு சீட்டாகத் தேடிக்கொண்டு போகலாம். அந்தச் சீட்டுகளின் முதல் இரண்டு எழுத்து பி, கே. ஃபில் காட்ஸ் என்ற அமெரிக்கரின் பெயரெழுத்துகள். 1989இல் இந்த ஜிப் முறையைக் கொண்டுவந்தவர். 2000ஆம் ஆண்டு, 37 வயதில், மில்வாக்கியில் ஒரு விடுதி அறையில் தனியாக இறந்துபோனார். குடி. உலகத்தில் எத்தனை டாக்எக்ஸ் உண்டோ அத்தனைக்குள்ளும், கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி எல்லாவற்றிற்குள்ளும், அந்த மனிதரின் இனிஷியல் இருக்கிறது. இத்தனை வருடம் அவரைத்தான் நாள் முழுக்கச் சேவ் பண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன்.

விண்டோஸுக்கு இந்தச் சீட்டைத் தேடும் பொறுமை கிடையாது. செவன் ஜிப்புக்கு உண்டு. இலவச மென்பொருள்தான். காப்பியின் மேல் வலது பொத்தானை அழுத்தி அதில் திறந்தேன். எதிர்பாராமல் முடிந்துவிட்டது என்று ஓர் எச்சரிக்கை காட்டியது. ஆனால் திறந்தது. வரிசையாகப் பெயர்கள். மேலேயிருந்து மூன்றாவதோ நாலாவதோ, டாக்குமென்ட். படங்களுக்கெல்லாம் முன்னால்.

அதாவது, அறுந்தது வாலில். எழுத்து இருந்தது தலைப் பக்கம். பிரித்து எடுத்தேன், 9 எம்பி. சரிபார்ப்பு எண் பொருந்தியது, ஒரு பைட்கூடக் குறையவில்லை. நோட்பேட் பிளஸ் பிளஸ்ஸில் திறந்தபோது மணி பதினொன்றே முக்கால். கூர் அடைப்புகளும் புரியாத ஆங்கிலக் குறிகளுமாக ஒரு காடு. அதற்குள் இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தமிழ். 'மறு' என்று ஓரிடத்தில், நாலு வரி குப்பைக்குப் பிறகு 'கால்' என்று இன்னோரிடத்தில். நாம் ஒரே சொல்லாக அடிப்பதை அது துண்டு துண்டாக வைத்துக்கொள்கிறது. எந்தத் துண்டை எந்தத் தடவை தொட்டோம் என்று கணக்கு வைக்கிறதாம்.

ஆனாலும் தமிழ் தமிழாகத் தெரிந்தது. அதன் அருமை பழைய ஆட்களுக்குத்தான் புரியும். நான் தொழிலுக்கு வந்த புதிதில் பாமினி எழுத்துருவில்தான் எல்லாம். எழுத்துரு இருக்கிறவரை தமிழ். அது போனால் 'அம்மா' என்பது நாலு ஆங்கில எழுத்தும் நடுவில் ஓர் அரைப்புள்ளியும். அரைப்புள்ளிதான் அங்கே மெய்யெழுத்தின் புள்ளி. அந்தக் காலத்தில் இந்த மாதிரி ஃபைல் உடைந்து உள்ளே எட்டிப் பார்த்திருந்தால், எது குறி எது குளம் என்று பிரிக்கவே தெரிந்திருக்காது. இப்போது யூனிகோடு. 'தமிழ்' என்ற சொல் உள்ளே ஐந்து குறிகள், குறிக்கு 3 பைட் வீதம் 15 பைட். கொஞ்சம் இடம் அதிகம் எடுக்கும் என்று ஒருகாலத்தில் சண்டையே நடந்தது. எடுத்துக்கொள்ளட்டும்.

அந்த எக்ஸ்எம்எல்லை ஒரு புது ஃபைலின் மூட்டைக்குள் மாற்றி வைத்துத் திறக்கலாமா என்று பார்த்தேன். இல்லாத படங்களைக் கேட்டு அடம்பிடித்தது. பிறகு அக்கா பையன் போனில் சொல்லச் சொல்ல, தேடு-மாற்று பெட்டியில் இரண்டே கட்டளை. பத்தி முடிகிற குறியை எல்லாம் புது வரியாக மாற்று. அதன்பின், கூர் அடைப்புக்குள் இருப்பது எதுவானாலும் தூக்கு. பொத்தானை அழுத்தினேன். காடு மொத்தமும் ஒரே வீச்சில் விழுந்தது. சார் பேச ஆரம்பித்தார். முதல் வரியிலிருந்து கடைசி மாலை வரைக்கும். வாசம் வந்துரும் என்ற வரியும் இருந்தது. நான் நினைத்து வைத்திருந்த மாதிரி இல்லை: "தண்ணி வர்றது மூக்குக்குத்தான் முதல்ல தெரியும், கண்ணுக்கு ரெண்டாவதுதான்."

கடையில் தனியாக உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன். யாருக்கும் சொல்லவில்லை, இங்கேதான் சொல்கிறேன்.

சந்தோஷத்தில் ஒரு முட்டாள்தனம். அடிக்குறிப்பு எண்கள் எழுத்தாக இருப்பதில்லை, அவையும் ஒரு குறிதான். குறிகளைத் தூக்கியபோது 63 அடிக்குறிப்புகளின் இடமும் போய்விட்டது. குறிப்புகள் தனி ஃபைலில் பத்திரமாக இருந்தன, எது எந்த வரிக்கு என்றுதான் தெரியவில்லை. பூட்டி வைத்த காப்பி இருந்ததால் பிழைத்தேன். திரும்ப முதலிலிருந்து. இந்தத் தடவை அடிக்குறிப்பு குறிகளை முதலில் நட்சத்திரமும் எண்ணுமாக மாற்றிக்கொண்டு, அப்புறம் காட்டை வெட்டினேன்.

படங்களில் 22 முழுதாக வந்தன. மீதி சாரின் போனிலேயே இருந்தன, அதனால் கவலையில்லை. 23ஆவது பாதியில் அறுந்தது. நடு மடையின் படம். மேலே வானமும் இரண்டு கல் தூணும் துல்லியமாக, உளி அடி தெரிய இருந்தன. தண்ணீர் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறம். அந்த அரைப் படத்தை நான் இன்னும் அழிக்கவில்லை.

மறுநாள் காலை வடிவம் போட உட்கார்ந்தபோதுதான் அது கண்ணில் பட்டது. "19681969ஆம் ஆண்டு பிசானம்" என்று ஒரு வரி. "தெற்கு வடக்கு மடை" என்று ஒன்று. "அவர் அவன் என்னிடம் சொன்னார் சொன்னான்" என்று ஒன்று. முதலில் ஃபைல் கெட்டதால் வந்த கோளாறு என்று நினைத்தேன். பத்து இடம் பார்த்த பிறகு உறைத்தது. ஃபைலில் கோளாறு ஒன்றுமில்லை. டிராக் சேஞ்சஸ். நான் மறைத்து வைத்தது எல்லாம், அழித்த சொல்லும் அதற்குப் பதிலாக வந்த சொல்லும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன. சிவப்புக் கோடும் ஒரு குறிதானே, அதையும் நான் தூக்கிவிட்டேன்.

மூல எக்ஸ்எம்எல்லுக்குப் போய்ப் பார்த்தால், ஒவ்வோர் அழிப்புக்கும் மேலே சீட்டு எழுதி வைத்திருந்தது. அழித்தவர் பெயர், என் கடையின் பெயர். தேதி. மணி, நிமிஷம். அழிக்கப்பட்ட எழுத்துக்கென்றே ஒரு தனிக் குறி, அதற்குள் எழுத்து பத்திரமாக. அழித்தேன் அழித்தேன் என்று நான் நினைத்ததெல்லாம் உள்ளே தேதி போட்டு அடுக்கப்பட்டிருந்தது. அன்று எனக்கு வயிற்றைக் கலக்கியது வேறொன்று. இந்த வசதி திறந்தபடியே எத்தனை பேர் எத்தனை ஃபைலை மெயிலில் அனுப்புகிறார்கள்? கொட்டேஷன், ஒப்பந்தம், வக்கீல் கடிதம். முதலில் ஒரு தொகை போட்டு, அழித்து, இன்னொன்று போட்டது. பெறுகிறவர் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், எல்லாம் தெரிந்துவிடும். இப்போதெல்லாம் வாடிக்கையாளருக்கு ஃபைல் கொடுக்கும் முன், எல்லா மாற்றத்தையும் ஏற்றுக்கொள் என்று அழுத்திவிட்டுத்தான் கொடுக்கிறேன்.

அழித்தவற்றை மொத்தமாக நீக்க ஒரு கட்டளை போதும், அக்கா பையன் சொல்லித் தருகிறேன் என்றான். ஆனால் அதற்குள் பாதிப் புத்தகத்துக்கு வடிவம் போட்டு, அடிக்குறிப்புகளைப் பொருத்தியிருந்தேன். ஒட்டிக்கொண்ட சொற்கள் கண்ணுக்குத் தெரிகின்றன, கையாலேயே எடுத்துவிடலாம் என்று தொடர்ந்தேன். சொல் மாறிய இடத்தில் ஒட்டு தெரியும். முழுப் பத்தியாக அழித்த இடத்தில் எதுவும் தெரியாது. அது தன்பாட்டுக்கு மேல் பத்திக்கும் கீழ்ப் பத்திக்கும் நடுவில், அங்கேயே பிறந்த மாதிரி உட்கார்ந்திருக்கும். அப்படி நாலு பத்திகள் திரும்பி வந்திருந்தன. மூன்றை நான் எடுத்துவிட்டேன். கோவில் கொடை வரிப் பணக் கணக்கு ஒன்று, பழைய தலைவர் ஒருவரைப் பற்றிய வசவு ஒன்று, இரண்டு தடவை சொன்ன கதை ஒன்று.

நாலாவது பத்தி எனக்கு ஞாபகம் இருந்தது. அதை அவர் சொன்ன அன்று ஸ்டூலை என் பக்கம் இழுக்காமல், வாசலைப் பார்த்துப் போட்டுக்கொண்டார். நிறுத்தாமல் சொன்னார். மழை பொய்த்த ஒரு பிசானம். குளத்தில் முழங்கால் தண்ணீர். மடைக்கு இத்தனை நாழிகை என்று ஊர் கூடி முறை வைத்திருந்தது. ஒரு ராத்திரி அவருடைய அண்ணன், முறை இல்லாத நேரத்தில், நடு மடையைத் திறந்தான். விடிந்தபோது கீழ்ப்பாட்டு வயல்களுக்கு வைத்திருந்த தண்ணீர் இவர்கள் வயலில் நின்றது. ஊர்க் கூட்டத்தில் அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். அபராதம். அந்த வாரமே அண்ணன் பம்பாய்க்கு ரயில் ஏறினான். எங்கள் பக்கத்து ஆட்கள் நிறையப் பேர் தாராவியில் இருந்தார்கள், இருக்கிறார்கள். கடிதம் வந்தது, பணம் வந்தது, அவன் வரவில்லை.

மறுநாள் வந்ததும் வராததுமாக, "நேத்துச் சொன்னதை எடுத்துரும்மா" என்றார். எடுத்தேன். சீட்டில் நேரம் இருக்கிறது: மாலை 4:12.

அந்தப் பத்தியை நான் ப்ரூஃபில் விட்டேன். கவனிக்காமல் விட்டுப்போனது என்று சொன்னால் யாரும் நம்புவார்கள். பொய். தெரிந்துதான் விட்டேன். அவர் ஒருதரம் எடுக்கச் சொன்னார், எடுத்தேன். அது என் கையைத் தாண்டித் திரும்பி வந்திருக்கிறது. இன்னொருதரம் எடுக்க வேண்டுமானால் அவர் பேனாவால் அடிக்கட்டும் என்று தோன்றியது. சரியா தவறா தெரியாது. டிடிபி ஆபரேட்டர் இதையெல்லாம் யோசிக்கக் கூடாது என்றுதான் என் வீட்டுக்காரர் சொன்னார்.

ஐந்தாம் நாள் சார் வந்தார். நடந்ததைச் சொன்னேன், பென்டிரைவைப் பிடுங்கியது உட்பட. கோபப்படவில்லை. "மறுகாலே உடைஞ்சிருக்கு, கரை நின்னிருக்கு" என்றார். 212 பக்க ப்ரூஃபைப் பையில் வைத்து, மழைக்குப் பாலிதீன் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்.

எட்டு நாள் கழித்துத் திரும்பி வந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் சிவப்பு மை. ஒற்று மிகும், மிகாது எல்லாம் வாத்தியார் வேலை. பக்கம் 137ஐ நான் அவர் இருக்கும்போது திருப்பவில்லை. அவர் டீ குடிக்க எதிர்க்கடைக்குப் போனபோதுதான் திருப்பினேன். அந்தப் பத்தியின் மேல் குறுக்குக் கோடு இல்லை. ஓரத்தில் நீக்கல் குறி இல்லை. ஒரே ஒரு சொல் மட்டும் அடிக்கப்பட்டிருந்தது. 'நடு மடையைத் திறந்தான்' என்பதில் 'திறந்தான்' மேல் ஒரு கோடு. பக்கத்தில், கை நடுங்கி எழுதியதால் கொஞ்சம் கோணலாக, 'திறந்தோம்'.

அவர் வந்து ஸ்டூலில் உட்கார்ந்ததும் கேட்டேன்.

"சார், இந்தப் பத்தி இருக்கட்டுமா?"

"தப்பைத் திருத்தித்தானே தந்திருக்கேன். பாக்கலியா?"

பார்த்தேன் சார் என்றேன். ஃபைலைத் திறந்து டிராக் சேஞ்சஸை நிறுத்தினேன், இந்தத் தடவை பார்வையை மட்டுமல்ல. அதன் பிறகுதான் அந்தச் சொல்லை அடித்தேன்.